ஹீத்ரோவில் நின்றவர்களும் காங்கேசன்துறையில் இறங்கியவர்களும்

இது நீளமான பதிவு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ரோஹிங்கியா படகுகளைப் பற்றிக் கதை எழும்பும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மூன்று விதமான பேச்சுக் கேட்கிறோம். "பாவங்கள், எங்கட ஆட்கள்" என்பது ஒன்று. "நாங்களே இன்னும் ஒழுங்காக மீளக்குடியேறி முடியேல்லை, இதுக்குள்ள அவங்களையும் இழுத்துப் போடுறதோ" என்பது இன்னொன்று. மூன்றாவது பேச்சுத்தான் எங்களை இருந்து எழுத வைத்தது. படித்தவர்கள், அரச உத்தியோகம் பார்க்கிறவர்கள்கூடச் சொல்கிறார்கள்: "விசா இல்லாமல் கள்ளமாக வந்தவனுக்கு என்ன உரிமை? சட்டப்படி பார்த்தால் ஒன்றுமே இல்லை."

சட்டப்படி பார்த்தால் அது பிழை. வெளிநாட்டுச் சட்டம் தேடிப் போகவே தேவையில்லை, எங்கள் நாட்டுச் சட்டப்படியே பிழை. அதோடு, யாழ்ப்பாணத்து ஆட்கள் இப்படிச் சொல்வது வரலாற்றையும் மறந்த பேச்சு. பிடிபட்ட அந்நியனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை இந்த உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள் சிலவற்றில் எழுப்பியவர்களே எங்கள் மண்ணிலிருந்து போனவர்கள்தான்.

முதலில் ஒரு வெள்ளைக்காரனின் கதை.

1936 இல் மார்க் அன்டனி பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குத் தொழில் பழக வந்தார். தொழிலாளர்களைத் தோட்டத்தில் நடத்துகிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து, மேடை ஏறித் துரைமாரைக் கிழிக்கத் தொடங்கினார். துரையே துரைமாரைத் திட்டினால் பொறுப்பார்களா? 1937 ஏப்ரல் 22 ஆம் திகதி, 48 மணித்தியாலத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆளுநர் ஸ்டப்ஸின் கட்டளை அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் போகவில்லை. கட்சிக்காரர் ஒளித்து வைத்தார்கள். மே 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் பெரிய கூட்டம். அங்கே மேடையில் வந்து நின்றார். பிறகு பொலிஸ் பிடித்தது.

உடனே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸோடு மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். ஆளுநர் பாவித்தது 1896 ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று. அது அவசரகாலத்துக்கென்று செய்யப்பட்டது. நாட்டில் அப்போது அப்படி ஓர் அவசரநிலை இருக்கவில்லை. ஆகவே கட்டளை செல்லாது, ஆளை விடுங்கள் என்று மே 18 ஆம் திகதி தீர்ப்பாயிற்று.

இந்தக் கதையில் இரண்டு விசயத்தைக் கவனியுங்கள். பிரேஸ்கேடில் இந்த நாட்டவர் இல்லை. ஆளுநரே அவரைப் போகச் சொன்னார். அப்படியிருந்தும் நீதிமன்றம் கேட்டது, "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்று. அந்நியன் என்பதற்காக அந்தக் கேள்வி இல்லாமல் போகவில்லை. இரண்டாவது, கப்பல் ஏற்றுவதற்கு முன்பே அவருக்காக நீதிமன்றம் போக ஆட்கள் இருந்தார்கள். கட்சி இருந்தது, பெயர்பெற்ற சட்டத்தரணி இருந்தார், தோல் வெள்ளையாகவும் இருந்தது. இந்த இரண்டாவது விசயம் இல்லாவிட்டால் முதலாவது எவ்வளவு பெறுமதி என்பதை அடுத்த இருபது வருடத்தில் எங்கள் கடற்கரை கண்டது.

எங்கள் மூத்தவர்களுக்குக் கடல் என்றால் வீதிதான். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை எல்லாம் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் பக்கத்து ஊர் மாதிரி. சைவ ஆட்கள் சிதம்பரம் போய் வந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து எங்கள் ஆட்கள் யாவாரத்துக்கு வந்தார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். குடிசன மதிப்பீட்டில் இவர்களை "இந்தியச் சோனகர்" என்று தனியாக எழுதினார்கள். தெருவில் அந்த வித்தியாசம் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை.

1948 இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பிரசாவுரிமைச் சட்டம், 18 ஆம் இலக்கம். மற்றது குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், 20 ஆம் இலக்கம். இது 1949 இல் நடைமுறைக்கு வந்தது. முதலாவது சட்டத்தின்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் வழி எண்ணப்படவில்லை. ஆக, ஒரு தோட்டத் தொழிலாளியோ சுருட்டுக் கொட்டில்காரனோ தன் தகப்பனுடைய பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைத் தேடி எடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால், பிறந்த வீட்டுக்குள்ளேயே அவன் அந்நியன்.

1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கலியாணம் முடித்தவர் ஏழு வருடமும் முடிக்காதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். எட்டு லட்சம் பேரளவில் விண்ணப்பத்துக்குள் அடங்கினார்கள். பதினைந்து வருடம் போனபின் கணக்குப் பார்த்தால் பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

இதில் எங்கள் தலைவர்களின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 1948 ஓகஸ்டில் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் செப்டெம்பரில் அதே அரசாங்கத்தின் அமைச்சரவைக்குள் போய் இருந்தார். செல்வநாயகம் அதோடு பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்த அமைச்சரவையில் எங்கள் ரி. பி. ஜாயாவும் இருந்தார். ஜாயா கல்விக்குச் செய்ததை ஒருவரும் மறுக்கவில்லை. அதற்காக இதை மறைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் ஏலாது.

சட்டம் வந்தபிறகு கடல் எல்லையானது. 1952 இல் "மொன்டி நடவடிக்கை" என்ற பெயரில் இராணுவமும் கடற்படையும் வடக்குக் கரையோரத்தில் காவலுக்கு இறங்கின. தென்னிந்தியாவிலிருந்து படகில் வருகிறவர்களைப் பிடிப்பதுதான் வேலை. 1963 இல் அது பெரிதாக்கப்பட்டு, கள்ளக் குடிவரவுத் தடுப்புப் படையணியாக 1981 வரை நடந்தது. வடக்கில் இராணுவம் என்றால் எல்லாரும் 1983 இலிருந்து கணக்குத் தொடங்குகிறார்கள். கரையோரத்து ஆட்களைக் கேட்டால், சோதனை அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பார்கள்.

"கள்ளத்தோணி" என்ற சொல் அந்தக் காலத்தில்தான் சிங்களத்துக்குள்ளும் புகுந்தது. முதலில் படகில் வந்தவனைக் குறித்தது. பிறகு மலையகத்தில் நாலு தலைமுறை இருந்தவனையும் குறித்தது. கடைசியில் தெற்கில் தமிழ் பேசுகிற எவனையும் திட்டுகிற சொல்லாகியது. யாழ்ப்பாணத்தார் மலையக ஆட்களை இதே சொல்லால் இளக்காரமாகப் பேசியதும் உண்டு. அதே யாழ்ப்பாணத்தார் கொழும்பு பஸ்ஸில் இதே சொல்லை வாங்கிக் கட்டினார்கள்.

அந்தப் படகில் பிடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள். பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள், கடைச் சிப்பந்திகள், இங்கே மனைவி பிள்ளை இருக்க ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள். பிரேஸ்கேடிலுக்கு இருந்த நீதிமன்றங்கள் இவர்களுக்கும் இருந்தன. ஆட்கொணர்வு மனுவை எவரும் ஒழிக்கவில்லை. ஆனால் இவர்களுக்காக எச். வி. பெரேரா எழுந்து நிற்கவில்லை. முகாம், நீதவான் முன் சில நிமிடம், பிறகு கப்பல்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. அந்த ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

ஒக்டோபர் 30 என்றதும் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் வேறொரு ஆண்டு வந்து நிற்கும். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன நாள். நாங்கள் குடிவந்தவர்கள் இல்லை, பிரசைகள். அடையாள அட்டை இருந்தது, உறுதி இருந்தது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் அதொன்றையும் கேட்கவில்லை. முறையிடப் போக அன்று நீதிமன்றமும் இல்லை. அதைக் குடிவரவுச் சட்டத்தோடு ஒன்றாக்கிப் பேசுவது பிழை, நாங்கள் அப்படிப் பேசவுமில்லை. ஆனால் 2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோது கந்தோர்களில் "நீங்கள் இங்கத்தைய ஆட்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்களே, அந்தக் கேள்வி 1948 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட கேள்வியின் தம்பிதான். புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் நனைந்த உறுதியைக் காயவைத்து மடித்து வைத்திருந்த உம்மாமாருக்கு அது விளங்கும்.

இனி வெளிநாட்டுக்குப் போவோம். 1983 க்குப் பிறகு யாழ்ப்பாணம் உலகம் முழுக்கச் சிதறியது. சரியான பத்திரத்தோடு போனவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டு அல்லது பக்கத்து வீட்டு அண்ணாவை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

1985 ஏப்ரல் 4 ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அகதி என்று சொல்லி வருகிறவரை நேரில் இருத்திக் கேட்காமல், எழுத்தில் உள்ளதை மட்டும் வைத்து நிராகரிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். கனடாவின் உரிமைச் சாசனத்தில் "ஒவ்வொருவருக்கும்" என்று இருக்கிறது, அந்த "ஒவ்வொருவர்" கனடாப் பிரசை மட்டும் இல்லை, கனடா மண்ணில் நிற்கிற எவரும்தான் என்றார்கள். அடுத்த வருடம், 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறி வந்திருந்தார்கள். பொய் சொல்லிவிட்டார்கள், திருப்பி அனுப்பு என்று அங்கேயும் சத்தம் எழுந்தது. அனுப்பவில்லை. இருக்கவும் வேலை செய்யவும் விட்டார்கள். இன்று ரொறன்ரோவிலிருந்து இங்கே கோயில் திருவிழாவுக்குக் காசு வருகிறதென்றால், அதற்குப் பின்னால் ஒரு மீனவரும் "ஒவ்வொருவர்" என்ற ஒரு சொல்லும் இருக்கின்றன.

லண்டன் கதை இவ்வளவு நல்லதில்லை. அதனாலேயே அதை விரிவாகச் சொல்கிறோம்.

1987 பெப்ரவரி 13 ஆம் திகதி டாக்காவிலிருந்து வந்த விமானத்தில் ஹீத்ரோவில் தமிழர்கள் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். அவர்களில் 58 பேருக்கு இல்லை என்று சொல்லி, 17 ஆம் திகதி திரும்ப விமானத்தில் ஏற்றக் கொண்டுபோனார்கள். பெப்ரவரி மாதத்து லண்டன் குளிர். ஓடுபாதையில் நின்று அவர்கள் உடுப்பைக் கழற்றி எறிந்தார்கள், உள்ளாடையோடு நின்றார்கள். வெட்கம் பார்க்கிற சமூகம் எங்களுடையது. வெளியில் சாரத்தை மடித்துக் கட்டவே யோசிக்கிற ஆண்கள் உலகத்துப் படப்பிடிப்பாளர் முன்னால் அப்படி நின்றார்கள் என்றால், திரும்பிப் போவதற்கு எவ்வளவு பயந்திருக்கவேண்டும்! அவர்களின் எதிர்ப்பால் புறப்பாடு தடைப்பட்டது. சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் இடைநிறுத்தக் கட்டளை பெற்றார்கள்.

பிரித்தானிய அரசாங்கம் அதற்குப் பதிலாகச் செய்தது, பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிவருகிற விமானக் கம்பனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கிற சட்டம். இன்று கட்டுநாயக்காவில் விமானக் கம்பனிப் பெடியன் உங்கள் விசாவை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறானே, அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் "ஏர்ள் வில்லியம்" என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, அடைக்கலம் கேட்டவர்களை அதில் வைத்தார்கள். தமிழர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஒக்டோபரில் அடித்த பெரும் புயலில் கப்பல் கட்டறுந்து போனது. அதற்குப் பிறகு அவர்களை வெளியே விட்டார்கள். நீதிபதி செய்யாததைக் காற்றுச் செய்தது.

இனி முக்கியமான வழக்கு. 1987 டிசெம்பரில் பிரபுக்கள் சபை, அடைக்கலம் கேட்ட தமிழர்கள் சிலருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் பயப்படுகிறார் என்பது மட்டும் போதாது, அந்தப் பயத்துக்கு வெளியே நின்று பார்த்தாலும் தெரிகிற காரணம் இருக்கவேண்டும் என்பது தீர்ப்பு. 1988 பெப்ரவரியில் ஐந்து பேரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் நின்ற காலம் அது. அன்றைய பிரித்தானியச் சட்டப்படி அவர்களுக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது. ஆனால் அதை நாட்டுக்கு வெளியே போனபிறகுதான் பாவிக்கலாம்! அதாவது, புலியின் வாய்க்குள் போய் இருந்துகொண்டு, "புலி கடிக்கும்" என்று மனு எழுத வேண்டும். அவர்களின் சட்டத்தரணிகள் விடவில்லை. 1989 மார்ச்சில் மேன்முறையீட்டைக் கேட்ட அதிகாரி, இவர்களின் பயம் நியாயமானதுதான், அனுப்பியது பிழை என்றார். ஒக்டோபரில் அவர்கள் மீண்டும் லண்டனுக்கு வந்தார்கள்.

இடைப்பட்ட இருபது மாதத்துக்கு யார் பொறுப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். வில்வராஜா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது அதுதான். பிரித்தானியா உரிமையை மீறவில்லை என்று அந்த நீதிமன்றம் தீர்த்தது. தோற்றார்கள். தீர்ப்புத் திகதி 1991 ஒக்டோபர் 30. (அந்தத் திகதி எங்களை விடுவதாக இல்லை.) ஆனாலும் பிரித்தானியாவுக்குள் இருந்துகொண்டே மேன்முறையீடு செய்யும் உரிமை 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இப்படிப்பட்டவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு காங்கேசன்துறைக்கு வாருங்கள்.

2017 ஏப்ரல் கடைசியில் ரோஹிங்கியர்கள் முப்பது பேரளவில் இருந்த படகு ஒன்று காங்கேசன்துறைக் கடலில் பிடிபட்டது. பாதிக்குமேல் பிள்ளைகள். பின்னர் கொழும்புப் பக்கம் கொண்டுபோய், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் பொறுப்பில் கல்கிசையில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 26 ஆம் திகதி பிக்குகள் முன்னே நிற்க ஒரு கூட்டம் அந்த வீட்டைச் சூழ்ந்து தாக்கியது. பாதுகாப்புக்கென்று பூசா முகாமுக்கு மாற்றினார்கள். குற்றம் செய்தவர்களை அடைக்கிற இடத்துக்கு, குற்றத்துக்கு ஆளானவர்களை.

2022 ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதம் எங்களுக்கு ஒரு பாடப்புத்தகம். நவம்பரில் 303 இலங்கையர்கள், அதிகமானோர் எங்கள் வடக்குத் தமிழர்கள், கனடா போக ஏறிய கப்பல் பழுதாகி நடுக்கடலில் தத்தளித்தார்கள். ஜப்பான் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. திருப்பி அனுப்பவேண்டாம் என்று இங்கே வீட்டுக்கு வீடு துஆவும் நேர்த்தியும். டிசெம்பர் 18 ஆம் திகதி 104 ரோஹிங்கியர்கள் இருந்த படகு எங்கள் கடலில் தத்தளிக்க, கடற்படை காப்பாற்றிக் காங்கேசன்துறையில் இறக்கியது. அதே யாழ்ப்பாணத்தில், அதே முகநூலில், "இவர்களை உடனே அனுப்புங்கள்" என்ற பதிவுகளையும் வாசித்தோம். எழுதியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

2024 டிசெம்பர் 19 ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்த படகில் நூறு பேருக்கு மேல். முதலில் கண்டவர்கள் அந்த ஊர் மீனவர்கள். சாப்பாடு கொடுத்ததும் அந்த ஊர்த் தமிழ் மக்கள்தான், இதை எங்கள் ஆட்கள் மறக்கக்கூடாது. திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். (தங்கள் காணியைத் திருப்பித் தாருங்கள் என்று 2017 இல் சனம் இரவு பகலாக இருந்து போராடிய அதே கேப்பாப்பிலவு.) இது ஆட்கடத்தல் வேலை, திருப்பி அனுப்பலாம் என்று அரசாங்கப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு பார்க்கப் போனபோது முதலில் உள்ளே விடவில்லை. தடுத்து வைத்திருக்கிற எந்த இடத்தையும் போய்ப் பார்க்க 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டித்தான் ஆணைக்குழு பேசவேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் மக்கள் வீதியில் இறங்கி, அனுப்பாதே என்றார்கள்.

ஏன் இவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்குப் பர்மாவின் 1982 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பார்த்தால் போதும். 1823 க்கு முன்பே உங்கள் இனம் இந்த மண்ணில் இருந்ததா என்று அது கேட்கிறது. அங்கீகரித்த இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. எங்கள் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டன் பூட்டனைக் கேட்டது, அது இன்னும் நாலு தலைமுறை பின்னால் போய்க் கேட்கிறது. மற்றபடி ஒரே கேள்வி.

இன்னொரு ஒப்பீடு எங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது. எல்லை தாண்டி வந்து பிடிபடுகிற தமிழ்நாட்டு மீனவர்களை ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நீதிமன்றங்களில் நிறுத்துகிறார்கள். அவர்கள் செய்கிற இழுவைமடித் தொழில் எங்கள் மீனவர்களின் வயிற்றில் அடிக்கிறது, அது தனிக் கதை. ஆனால் பிடிபட்டவுடன் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்துக்குத் தகவல் போகிறது. அதிகாரி வந்து பார்க்கிறார், சட்டத்தரணி வருகிறார், வழக்கு நடக்கிறது, ஆள் வீடு போகிறார். 1963 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை கொடுத்த உரிமை அது. ரோஹிங்கியருக்காக எந்தத் தூதரகம் வரும்? மியன்மார் தூதரகத்துக்கு அறிவித்தால், யாரிடமிருந்து ஓடி வந்தார்களோ அவர்களுக்கே அறிவித்ததாகும். சொந்த நாடு கைவிட்டவனுக்குத்தான் வந்திறங்கிய நாட்டின் நீதிமன்றம் கூடுதலாகத் தேவை.

இனி எங்கள் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து, அதில் "ஆள்" என்ற சொல் எங்கே வருகிறது, "பிரசை" என்ற சொல் எங்கே வருகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு செய்வித்திருக்கிறோம், பத்து நிமிட வேலை. பேச்சுச் சுதந்திரம், தொழில், நடமாட்டம் எல்லாம் உள்ள 14 ஆம் உறுப்புரை பிரசைக்கு. ஆனால் சித்திரவதையைத் தடுக்கிற 11 ஆம் உறுப்புரை எந்த ஆளுக்கும். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 12 இன் முதலாம் பந்தி எல்லா ஆட்களுக்கும். காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது, பிடித்தவரை நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்கிற 13 ஆம் உறுப்புரையும் ஆளுக்குத்தான். விசா உள்ள ஆள், விசா இல்லாத ஆள் என்று அங்கே பிரிக்கவில்லை.

இதன் பொருள் விசா இல்லாதவரை அரசு ஒன்றும் செய்ய முடியாது என்பதல்ல. குடிவரவுச் சட்டப்படி தடுத்து வைக்கலாம், வழக்குப் போடலாம், வெளியேற்றக் கட்டளை இடலாம். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவுமில்லை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1994 இல் சேர்ந்தது. சித்திரவதை காத்திருக்கிற இடத்துக்கு எவரையும் அனுப்பக்கூடாது என்பது அதன் 3 ஆம் உறுப்புரை.

நீதிமன்றம் எப்போதும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்லமாட்டோம். 2014 இல் பாகிஸ்தானிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த அஹ்மதிகளையும் கிறிஸ்தவர்களையும் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு பெண் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஓகஸ்ட் நடுவில் இடைக்காலத் தடை கிடைத்தது. இரண்டு வாரமளவில் அது நீக்கப்பட்டது, அனுப்புவது தொடர்ந்தது. அவர்களுக்காக எங்கள் பள்ளிவாசல்களில் எவ்வளவு பேசினோம் என்பதை நாங்களே யோசித்துப் பார்க்கலாம். அஹ்மதி என்பதால் வாய் மூடியிருந்துவிட்டு ரோஹிங்கியா என்பதால் வாய் திறப்பது உரிமை பற்றிய பேச்சாகாது.

எங்கள் கரைக்கு இன்னொரு படகு வரும். வந்தால் சாப்பாடும் உடுப்பும் கொண்டு ஓடுவோம், அதில் எங்கள் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. அதோடு இதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆட்கொணர்வு மனுவுக்குக் கொழும்பு போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்காக யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், அரசியலமைப்பின் 154 ப உறுப்புரை அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்துக்கு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். அதைப் பாதிக்கப்பட்டவர் தானாக, அல்லது அவருக்காகச் சட்டத்தரணி ஒருவர் போடவேண்டும், அதனால் முதல் வேலை சட்டத்தரணி ஒருவரை உள்ளே அனுப்புவது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கிற நாட்கள் அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. பாஷை தெரிந்தவர் ஒருவரைத் தேடுங்கள். ரோஹிங்கியர் சிலருக்கு உருது விளங்கும், மத்ரஸாவில் ஓதிய ஆலிம்கள் உதவலாம். படகு வந்த திகதி, நேரம், எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்த வாகனத்தில் எங்கே கொண்டுபோனார்கள் என்று கரையிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசி எழுதும்போது சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.